‘வேலையை விட்டுவிட்டு கேட் தேர்வுக்குப் படிக்கட்டுமா?’

கடிதம் எழுதியவருக்கு வயது 25. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் வீடு. அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். சொந்தமாக ஒன்றரை ஏக்கரில் காப்பியும், நிழல் மரங்களில் ஏறிய மிளகும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி, பிறகு சேலத்தில் பி.காம். மூன்று வருடமாக அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறார். மாதம் 16,000 ரூபாய், ரொக்கமாகக் கையில். வார நாட்களில் அஸ்தம்பட்டியில் பெண்கள் விடுதி. சனிக்கிழமை சாயங்காலம் மலையேறி, ஞாயிறு இரவு இறங்கிவிடுகிறார். (அடையாளம் தெரியாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேருவதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை 2024 நவம்பரில் எழுதியிருக்கிறார். 62 பர்சென்டைல். “இன்னும் 37 மார்க் ஏத்தினா 99 வந்துடும். இந்த வருஷம் வேலையை விட்டுட்டு முழு மூச்சா உட்கார்ந்தா முடியுமா மேடம்?” என்று கேட்கிறார். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் 48,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டச் சொல்கிறார்களாம். 99க்குக் ‘கேரண்டி’ உண்டு, பணம் திரும்பக் கிடையாது. பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன், “கேட்டை விடு, ஜிமேட் எழுது, ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும்” என்கிறாராம் (ஜிமேட் என்பது உலக அளவில் நடக்கும் மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வு). அப்பா, சீட் கிடைத்தால் காட்டை அடகு வைக்கத் தயார். அம்மாவோ, “இங்கிலீஷே வராதவளுக்கு எதுக்கு இதெல்லாம், இந்தத் தை வரைக்கும்தான் பார்ப்பேன்” என்று ஜாதகத்தை எடுத்து வைத்துவிட்டார். கடிதத்தோடு ஸ்கோர் கார்டின் நகலையும் அனுப்பியிருந்தார். நல்ல காரியம் செய்தார். கடிதத்தில் இல்லாத பதில் அதில்தான் இருந்தது.

நீங்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால், “ஏன் கண்ணு, ஸ்கோர் கார்டை முழுசாப் பார்த்தியா?” என்றுதான் பேச்சைத் தொடங்கியிருப்பேன். மொத்தம் 62 என்பதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மேலே மூன்று வரி இருக்கிறது. ஆங்கில வாசிப்பில் 41. டிஐஎல்ஆர் எனப்படும் தரவு, தர்க்கப் பகுதியில் 58. கணக்கில் 84. தனியாக, கோச்சிங் இல்லாமல், இரண்டு மாதம் படித்து கணக்கில் 84 எடுத்தவர் நீங்கள். இதை ஏன் கடிதத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை?

62 என்பது மார்க் இல்லை

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பர்சென்டைல் என்பது நீங்கள் எத்தனை வாங்கினீர்கள் என்பதல்ல, எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பது. 2024இல் சுமார் 2.93 லட்சம் பேர் கேட் எழுதினார்கள். 62 என்றால் அவர்களில் 38 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1 லட்சத்து 11 ஆயிரம் பேர் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். 99 என்றால் முன்னால் இருப்பது மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆக, “37 மார்க் ஏற்றுவது” என்று ஒன்று கிடையாது. வரிசையில் ஒரு லட்சம் பேரைத் தாண்டுவதுதான் வேலை.

பயமுறுத்தச் சொல்லவில்லை. அடுத்ததைக் கேளுங்கள். 2024 தேர்வில் மொத்தம் 68 கேள்விகள்: ஆங்கிலம் 24, டிஐஎல்ஆர் 22, கணக்கு 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. சரியான விடைக்கு 3, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 கழியும், நீங்களே தட்டச்சு செய்யும் விடை தவறினால் கழிவு இல்லை. ஆக மொத்தம் 204. இதில் பாதிகூட எடுக்காதவர்களும் 99ஐத் தொட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நாற்பது வாங்கினால் வீட்டில் சாப்பாடு இறங்காது. கேட்டில் அது மரியாதையான மார்க். நாமெல்லாம் பன்னிரண்டு வருடம் ‘எல்லாக் கேள்விக்கும் விடையளி’ என்று பழகி வந்தவர்கள். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

உங்கள் காலையும் அதுதான் வாரியிருக்கிறது. “ஆங்கிலத்தில் 24க்கு 24ம் போட்டுட்டேன், அப்படியும் 41தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் அல்ல, அதனால்தான். நாற்பது நிமிடத்தில் நான்கு நீண்ட பத்திகளையும், மேற்கொண்டு எட்டுக் கேள்விகளையும் நிதானமாக முடிப்பவர்கள் வெகு சிலர். நீங்கள் கடைசி பத்து நிமிடத்தில் வாசிக்காமலே விடையைத் தட்டியிருப்பீர்கள். கழிவு உள்ள கேள்வியில் நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், நாலில் ஒருமுறை 3 வரும், மூன்று முறை 1 போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டு மீதி மூன்றில் ஒன்றை அடித்தால், சராசரியாகக் கேள்விக்கு மூன்றில் ஒரு மார்க் லாபம். நல்ல விடையைப் போல வேடம் போட்டு நிற்கும் தவறான விடையை அவசரத்தில் எடுத்தால் நஷ்டம்தான். வாசிப்புக் கேள்விகளில் அந்த வேடதாரி எப்போதும் ஒருவர் இருப்பார்.

இங்கிலீஷ் வராதா, வேகம் வராதா?

மூவாயிரம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வதாகச் சொல்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்திவிடலாம். கேட் தாளில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த வாக்கியத்தில் என்ன இலக்கணப் பிழை என்று நேரடியாகக் கேட்பது சமீப ஆண்டுகளில் இல்லை. கேட்பதெல்லாம் இவர் என்ன சொல்ல வருகிறார், ஏன் இந்த உதாரணத்தைக் கொண்டுவந்தார், எந்த வாக்கியம் இந்தப் பத்தியில் ஒட்டவில்லை என்பதுதான். தமிழில் ஒரு தலையங்கத்தைப் படித்துவிட்டு, “இந்த ஆள் சுத்தி வளைச்சு அரசாங்கத்தைத்தான் திட்டுறார்” என்று உங்களால் சொல்ல முடியுமல்லவா? அதே திறமைதான். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் நீளத்துக்கு அது இன்னும் பழகவில்லை, அவ்வளவே.

தமிழ் வழியில் படித்தவர்களிடம் நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. கோச்சிங்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “ஆங்கிலத்திலேயே சிந்தி” என்பார்கள். அது பிறகு வரட்டும். தினமும் ஒரே ஒரு ஆங்கிலக் கட்டுரை, எண்ணூறு சொல் அளவு. பொருளாதாரம், வரலாறு, பறவை, தத்துவம் என்று நாளுக்கொன்றாக மாறட்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ணை எடுத்துவிட்டு, அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வரியில், வீட்டுப் பேச்சில் நோட்டில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தி புரியவில்லை, திரும்பப் படியுங்கள். கட்டுரை முடிந்ததும் அந்த ஐந்தாறு வரிகளை மட்டும் பார்த்தால் எலும்புக்கூடு தெரியும். கேட் கேட்பது அந்த எலும்புக்கூட்டைத்தான். ஆறேழு வாரத்தில் எழுதாமலே மனசுக்குள் வரி விழ ஆரம்பிக்கும். அப்போது நோட்டை மூடிவிட்டு, கடிகாரத்தை எடுத்து வையுங்கள்.

தேர்வில் நான்கு பத்திகளில் மூன்றை நிதானமாகப் படியுங்கள். நான்காவதை, தலைப்பே பிடிபடாத தத்துவப் பத்தியாக இருந்தால், விட்டுவிடுங்கள். விடுவது தோல்வி இல்லை. இந்தத் தேர்வு அளப்பதில் பாதி அதுதான்.

கிழங்கு லாரியும் கேட் கணக்கும்

உங்கள் வேலையைப் பற்றி “சும்மா கணக்கு எழுதுற வேலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வேலை கொஞ்சம் தெரியும். என் தாய்மாமன் ஆத்தூர்ப் பக்கம், ஜவ்வரிசிக்கு அரைக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டவர். லாரி எடைமேடையில் ஏறும், கிழங்கை எடுத்து மாவுச்சத்துப் பாயிண்ட் பார்ப்பார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். 12 டன், 27 பாயிண்ட், பாயிண்டுக்கு 320 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 8,640. பன்னிரண்டு டன்னுக்கு 1,03,680. மண்ணுக்கு 3 சதவீதம் கழிவு, 3,110 போக 1,00,570. இதை நீங்கள் கால்குலேட்டர் இல்லாமல், விவசாயி முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுகிறீர்கள்.

அடுத்த லாரி 24 பாயிண்ட். முன்னதைவிட விலை எத்தனை சதவீதம் குறையும்? 27இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்று, 11.11 சதவீதம். 24 பாயிண்ட் கிழங்கையும் 30 பாயிண்ட் கிழங்கையும் எந்த அளவில் கலந்தால் சராசரி 26 வரும்? 30க்கும் 26க்கும் வித்தியாசம் 4, 26க்கும் 24க்கும் 2. ஆக, இரண்டு பங்கு 24, ஒரு பங்கு 30. கோச்சிங் புத்தகத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கும். பால், தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் கிழங்கில் ஆரம்பியுங்கள். கேட் கணக்கில் இந்த சதவீதம், விகிதம், லாப நஷ்டம், வேலை-நேரம் வகை ஒவ்வொரு ஆண்டும் பெரும் பங்கு வகிக்கிறது. அதோடு இயற்கணிதத்தையும் சேர்த்துக்கொண்டால் முக்கால்வாசி தாள் கையில். வடிவியலில் நீங்கள் இழுபறிப்பட்டால் முக்கோணத்தையும் வட்டத்தையும் மட்டும் பாருங்கள். மற்றதை இந்த வருடம் தொட வேண்டாம்.

டிஐஎல்ஆர் உங்களுக்கு 58 என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வரத்துப் பதிவேடு, 90 கிலோ மூட்டையில் ஜவ்வரிசி இருப்பு, ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் டெண்டருக்கு எந்த லாட் போனது, எந்த லாட் விற்காமல் திரும்பியது என்று நாலு அட்டவணையை ஒன்றோடொன்று பொருத்துவதுதானே உங்கள் மாதக் கடைசி? அந்தப் பகுதியும் அதேதான். அங்கே ஐந்து தொகுப்புகள் வந்தால், முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்தையும் படியுங்கள். இரண்டைப் பொறுக்குங்கள், முடிந்தால் மூன்றாவது. போன முறை நீங்கள் முதல் தொகுப்பில் மாட்டிக்கொண்டு 18 நிமிடம் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 18 நிமிடம் உட்கார்ந்தாயிற்றே என்ற ஆதங்கத்தில் இன்னும் ஐந்து நிமிடம் உட்காருவோம் பாருங்கள், அங்கேதான் தேர்வு போகிறது.

வேலையை விட வேண்டாம்

இதைத் தயங்காமல் சொல்கிறேன். மூன்று காரணங்கள்.

ஒன்று, நேரம். உங்கள் ஃபேக்டரியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரவை மந்தம், நாலு மணிக்கே வேலை முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி வந்தால்தான் லாரிகள் வரிசை கட்டும். அடிப்படையைக் கட்டுவதற்கு இந்த மந்த மாதங்கள் போதும்: நாளுக்கு இரண்டரை மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம். செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு). நவம்பரில் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும். அதை இப்போதே, முதலாளி ஓய்வாக இருக்கும்போது கேட்டு வைத்துவிடுங்கள். லாரி வரிசையில் நிற்கும்போது கேட்டால் எந்த முதலாளியும் தலையாட்ட மாட்டார்.

இரண்டு, அனுபவம். பட்டத்துக்குப் பிறகான முழுநேர வேலை அனுபவத்துக்குப் பல ஐ.ஐ.எம்.கள் மதிப்பெண் தருகின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களும் கணக்கில் வரும். பெண்களுக்கும், பொறியியல் படிக்காதவர்களுக்கும் சில நிறுவனங்கள் கூடுதலாகத் தருகின்றன; நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள். ஆனால் அனுபவத்துக்குச் சான்று வேண்டும். ரொக்கமாகச் சம்பளம் வாங்கினால் நாளை எதைக் காட்டுவீர்கள்? அடுத்த மாதம் முதல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கும் லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவச் சான்றிதழ், சேர்ந்த தேதியோடு. இது சலுகை கேட்பது இல்லை. பார்த்த வேலைக்குச் சான்று கேட்பது.

மூன்று, வீடு. வேலையை விட்ட மறுநாளே நீங்கள் ‘வீட்டில் இருக்கிற பொண்ணு’ ஆகிவிடுவீர்கள். அம்மாவின் ஜாதகக் கட்டு அப்போது இன்னும் வேகமாக அவிழும். சம்பளம் வாங்குகிறவர் சொல்லும் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்பதற்கு வீட்டில் ஒரு எடை உண்டு. நியாயமோ இல்லையோ, நம் வீடுகள் அப்படித்தான்.

அம்மாவிடம் தேர்வைப் பற்றி வாதாட வேண்டாம். தேதிகளைச் சொல்லுங்கள்: நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் தேர்வு, முடிவு டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, நேர்முகத் தேர்வுகள் பிப்ரவரி, மார்ச். தையில் முடிவு கேட்கிறவரிடம், “தையில ரிசல்ட் தெரியும், சித்திரையில சீட் தெரியும், அதுவரைக்கும் பொறு” என்று சொல்லலாம். அவர் பயப்படுவது கேட்டைப் பார்த்து அல்ல. முடிவே தெரியாமல் வருடங்கள் போய்விடுமோ என்றுதான்.

ஜிமேட், டான்செட்

பெரியப்பா மகன் சொன்னது அவர் நிலைமைக்குச் சரி. ஜிமேட் ஸ்கோர் ஐந்து ஆண்டு செல்லும். கணக்கு, வாசிப்பு, தரவு என்று மூன்று பகுதி, தலா 45 நிமிடம், 205 முதல் 805 வரை மதிப்பெண். வெளிநாட்டுப் படிப்புக்கும், இந்தியாவில் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) போன்ற இடங்களுக்கும், சில ஐ.ஐ.எம்.களின் ஓராண்டுப் படிப்புக்கும் அது பயன்படும். அந்த ஓராண்டுப் படிப்புகள் நாலைந்து வருட அனுபவம் கேட்கும். நீங்கள் விரும்புவது இரண்டாண்டுப் படிப்பு. இந்தியாவில் இருந்துகொண்டு அதற்கு ஐ.ஐ.எம். போக கேட்தான் வழி. ஜிமேட் கட்டணம் 275 டாலர், உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கேட்டுக்கு 2025இல் 2,600 ரூபாய் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300). இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

டான்செட்டை மட்டும் ஒதுக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு, 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் கழியும். கேட்டுக்குப் படித்தவருக்கு இதற்குத் தனியாக ஒரு மாதம் போதும். தமிழ்நாட்டில் அரசு இட ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்கான கலந்தாய்வு இந்த மதிப்பெண்ணில்தான் நடக்கிறது. கேட் கை கொடுக்காவிட்டால் இதுதான் அடுத்த கதவு. எங்கேயோ ஒரு கல்லூரியில், கேட்ட பணத்தைக் கட்டிச் சேருவது அடுத்த கதவு இல்லை.

பி.சி. சான்றிதழ் போதாது

இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். “எங்கிட்ட பி.சி. கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். டான்செட் கலந்தாய்வுக்கு அது போதும். ஐ.ஐ.எம்.கள் ஒன்றிய அரசின் இட ஒதுக்கீட்டைப் பின்பற்றுகின்றன: ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், அதுவும் ‘கிரீமி லேயர்’ எனப்படும் வசதியான பிரிவில் வராதவர்களுக்கு, ஒன்றிய அரசின் படிவத்தில். உங்கள் சாதி ஒன்றிய அரசின் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அங்கே இல்லை. இருந்தால், இ-சேவை மையம் வழியே விண்ணப்பித்து உங்கள் தாலுகா அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கும். விண்ணப்பத்தில் குறித்த பிரிவைப் பிறகு மாற்ற முடியாது. ஜூலையில் போனால் நிதானமாக வாங்கலாம், செப்டம்பரில் போனால் வரிசையில் நின்று அழ வேண்டிவரும்.

“என் சம்பளமும் சேர்ந்தா கிரீமி லேயர் ஆயிடுமோ?” என்ற பயம் வேண்டாம். பார்ப்பது பெற்றோரின் நிலையை, உங்கள் சம்பளத்தை அல்ல. வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நெல், கிழங்கு விவசாய வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கிரீமி லேயரை வரையறுத்த 1993ஆம் ஆண்டு ஒன்றிய அரசு உத்தரவிலேயே காப்பி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வருமான வரம்பு பொருந்தும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே விண்ணப்பத்தில் காப்பி வருமானத்தை மறைக்காமல் காட்டுங்கள். ஒன்றரை ஏக்கரையும் அப்பாவின் சம்பளத்தையும் நீங்கள் எழுதிய தொகைப்படி கூட்டினாலும் 8 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. உண்மையைச் சொல்வதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை.

48,000 ரூபாய்

கோச்சிங் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனியாகப் படிப்பவருக்கு மாக் டெஸ்ட் தொகுப்பு கட்டாயம் தேவை. அதற்கு இதில் சிறு பங்குதான் ஆகும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். போட்டு முடித்ததும், எத்தனை மார்க் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தக் கேள்வியைத் தொட்டிருக்கக் கூடாது என்று குறியுங்கள். இரண்டு மணி நேரத் தேர்வுக்கு மூன்று மணி நேர அலசல். இதைச் செய்யாமல் நாற்பது மாக் எழுதினாலும் நாற்பது முறை அதே தப்புதான் நடக்கும்.

அந்த சென்டரில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் தவணையில் கட்டக் கேளுங்கள். ‘99க்குக் கேரண்டி’ என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படித் தேர்ச்சிக்கும் ரேங்குக்கும் உறுதி தரும் விளம்பரங்களைத் தடுத்து ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாட்களுக்குள் திருப்ப வேண்டும் என்று கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பின்னது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல்தான், அதைக் காட்டியதும் பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ‘பணம் திரும்பக் கிடையாது’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம்; தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ரசீதும், அவர்கள் கொடுத்த விளம்பர நோட்டீஸும் கையில் இருக்க வேண்டும். கூகுள் பேயில் யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், காட்டுப் பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஐ.ஐ.எம். இரண்டாண்டுக் கட்டணம் முன்னணி இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டுகிறது, உண்மை. ஆனால் அந்த நிறுவனங்களின் மாணவர்களுக்கு வங்கிகள் சொத்து அடமானம் இல்லாமலே கடன் தருகின்றன. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் தரவரிசையில் உள்ள கல்லூரிகளில் சேருவோருக்கு அடமானமோ ஜாமீனோ கேட்பதில்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அடமானம் இல்லாமல் கடன் தர எந்த வங்கியும் முன்வராத கல்லூரி என்றால், அங்கே சேருவதற்கு முன்னால் இன்னொரு முறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, மலைக்காரர்களுக்கு மட்டும். 2024இல் கேட் நவம்பர் 24 அன்று நடந்தது. அதற்கு அடுத்த வாரம் உங்கள் மலைப்பாதை எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பஸ் நின்றது. புயல் ஒரு வாரம் முந்தியிருந்தால் உங்கள் தேர்வு மலையிலேயே முடிந்திருக்கும். விண்ணப்பத்தில் தேர்வு நகரங்களை வரிசைப்படுத்தும்போது சேலம் இருந்தால் அதை முதலில் போடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வீட்டுக்குப் போகாதீர்கள். காப்பிப் பழம் எடுக்க ஆள் குறைகிறது என்று அப்பாவே கூப்பிட்டாலும் விடுதியிலேயே இருங்கள். காலை நேரம் ஒதுக்கினால் எட்டரைக்குத் தொடக்கம், அதற்கும் வெகு முன்பே உள்ளே போக வேண்டும். நுழைவுச் சீட்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றுதானா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஸ்கோர் கார்டில் பின்னால் இருக்கிறது.